கழுத்து முளைத்த தவில்

பாஞ்சோவின் முதுகுக்குள் துணியைச் சுருட்டித் திணித்தால் சத்தம் பாதிக்குப் பாதி குறையும். நான் திணித்தது என் பேத்தியின் வாய் துடைக்கும் துணி இரண்டு. 2020 ஏப்ரலில், அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் டர்ஹம் நகரில், மகள் வீட்டுக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மூடிய கழிப்பறைப் பீங்கான்மேல் உட்கார்ந்து என் முதல் பாடத்தைத் தொடங்கினேன். வயது அறுபது. கைபேசியைத் துண்டு மாட்டும் கம்பியில் சாய்த்து வைத்திருந்தேன். திரையில் ஓர் அம்மாள், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், வலது கையைக் கோழிக்கால்போல வளைத்துக் காட்டி, "பம்-டிட்டி, பம்-டிட்டி" என்றார்.

என் வாய் தானாகச் சொன்னது: தாம்-தக, தாம்-தக.

அது என் அப்பாவின் பாடம். எனக்குச் சொல்லித்தராத பாடம்.

அப்பா தவில்காரர். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கோயில் முறை, கல்யாணம், காதுகுத்து என்று வருஷத்தில் பாதி நாள் வெளியில் இருப்பார். வீட்டில் இருக்கும் நாட்களில் விடிகாலையில் அண்ணன்கள் இருவரையும் திண்ணையில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பார். முதலில் வாயால் சொல்லவேண்டும், பிறகு தொடையில் தட்டவேண்டும், அதற்கப்புறம்தான் கருவி. எனக்கும் பாடம் நடந்தது, அடுப்படியில். யாரும் நடத்தவில்லை, காதில் விழுந்தது, அவ்வளவுதான். எனக்கென்று கொடுக்கப்பட்ட வேலை கூடு செய்வது. தவிலின் வலந்தலையை வாசிக்கும் விரல்களில் மாட்டுகிற கெட்டியான உறைக்குக் கூடு என்று பெயர். துணியை நாடா நாடாகக் கிழித்து, பசை தடவி, அப்பாவின் விரலில் சுற்றிச் சுற்றி ஒட்டி, கழற்றி வெயிலில் காயவைக்கவேண்டும். பசை காய்ச்சுவது அம்மா, சுற்றுவது நான். ஒருநாள் அப்பா இல்லாத நேரம் பார்த்து அந்தக் கூட்டை என் விரலில் மாட்டிக்கொண்டு ஒரே ஒரு தட்டு தட்டினேன். தெருமுனையில் வந்துகொண்டிருந்தவருக்குக் கேட்டுவிட்டது. அடிக்கவில்லை. சிரித்துக்கொண்டே, "பொட்டப்புள்ள தவுலு வாசிச்சா ஊரு சிரிக்கும்டி" என்றார். சிரித்தது அவர்தான். ஊருக்கு விஷயமே தெரியாது.

இன்று அரசு இசைப் பள்ளிகளில் பெண்கள் தவில் படிக்கிறார்கள். நான் படித்தது வரலாறு. ஓர் உதவிபெறும் பள்ளியில் முப்பத்து மூன்று வருஷம் அதைச் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றேன். 2019 கடைசியில் மகளின் பிரசவத்துக்காக டர்ஹம் போனேன். ஆறு மாத விசாவில் அமெரிக்கா போகும் தமிழ் அம்மாக்களைப் பற்றி யாராவது ஒரு புத்தகம் எழுதவேண்டும். பத்திய மிளகுக் குழம்புப் பொடியும் பிள்ளைமருந்தும் பெட்டியில் கட்டிக்கொண்டு போகிறோம். குளிப்பாட்டுகிறோம், சமைக்கிறோம், இரவு விழிக்கிறோம். விசா முடியுமுன் சம்பந்தியம்மாள் வந்து வேலையை ஏற்றுக்கொள்கிறார். இதற்கு எந்த நாட்டின் கணக்கிலும் கூலி இல்லை. மார்ச்சில் கொரோனா வந்து விமானங்கள் நின்றன. என் ஆறு மாதம் பதினொன்றாக நீண்டது.

பாஞ்சோ கிடைத்தது குப்பைத்தொட்டி ஓரத்தில். யாரோ வீட்டைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தார்கள். வட்டமான மர வளையத்தில் இழுத்துக் கட்டிய வெள்ளைத் தோல், அதைச் சுற்றி இழுத்துப் பிடிக்கும் இரும்புக் கொக்கிகள், பின்பக்கம் வெறும் திறப்பு. இதுவரை தவில் சாதி. ஆனால் அதற்கு நீளமாக ஒரு கழுத்து முளைத்திருந்தது. கழுத்தின் நடுவில், பக்கவாட்டில், காதுபோல ஒற்றைப் பிருடை. அதில் தந்தி இல்லை. உடைந்த கருவி என்றே நினைத்து எடுத்துவந்தேன். தோல்கூட உண்மையில் தோல் இல்லை, பிளாஸ்டிக். மாப்பிள்ளை இணையத்தில் தேடி, அது ஐந்தாவது தந்திக்கான இடம் என்றும், பத்து டாலருக்குள் ஒரு செட் தந்தி வாங்கிவிடலாம் என்றும் சொன்னார். மகள்தான், "இந்த வயசுல எதுக்கும்மா?" என்றாள். குத்திக் காட்டிச் சொல்லவில்லை. அவளுக்குத் தூக்கம் இல்லை.

அந்த ஐந்தாம் தந்தியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் பாஞ்சோவின் வரலாற்றுச் சண்டை முழுவதும் அதில்தான் தொங்குகிறது. மற்ற நான்கும் தலைமாட்டிலிருந்து வரும். இது மட்டும் ஐந்தாவது மெட்டுக்குப் பக்கத்தில் தொடங்கும், குட்டைத் தந்தி. வாசிப்பவரின் முகத்துக்கு மிக அருகில் இருப்பதால் அடித்தந்தி என்றுதான் தோன்றும். உண்மையில் எல்லாவற்றையும்விட உச்ச சுருதி அதற்குத்தான். இடதுகை அதை அநேகமாகத் தொடுவதில்லை. ஆள்காட்டி விரலின் நகம் மேலிருந்து கீழாகத் தந்தியை அடிக்கும். கட்டைவிரல் இந்தக் குட்டைத் தந்தியில் வந்து தங்கி, விடுபடும்போது அதைச் சொடுக்கும். வீணையில் தாளத் தந்திகளைச் சுண்டுவிரல் மீட்டுவதுபோல, மெட்டு எங்கே போனாலும் ஒரே சுரம் இடைவிடாமல் அடித்துக்கொண்டிருக்கும். நகத்தால் அடிக்கும் இந்த முறையைக் கிளாஹாமர் என்கிறார்கள்.

இந்தக் குட்டைத் தந்தியைக் கண்டுபிடித்தவர் வர்ஜீனியாவைச் சேர்ந்த ஜோயல் ஸ்வீனி என்ற வெள்ளையர் என்று நூறு வருஷத்துக்கு மேல் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஸ்வீனி 1830களிலிருந்து முகத்தில் கரி பூசிக்கொண்டு, கறுப்பினத்தவரைப்போல நடித்து, மேடையில் பாஞ்சோ வாசித்தவர். 1843இல் நியூயார்க்கில் வர்ஜீனியா மின்ஸ்ட்ரல்ஸ் என்ற குழு இதை ஒரு முழுநேர வியாபாரமாக்கியது. அடிமைகளிடம் கற்ற கருவியை எடுத்துக்கொண்டு, அந்த அடிமைகளையே கோமாளிகளாக்கிக் காட்டி, டிக்கெட் விற்றார்கள். அந்த அவமானத்தின் நாற்றம் கருவியில் ஒட்டிக்கொண்டது. இருபதாம் நூற்றாண்டில் கறுப்பின மக்கள் பெரும்பாலும் பாஞ்சோவைக் கைவிட்டதற்குப் பல காரணங்கள் உண்டு, இது ஒன்று. கடைசியில் அது மலைநாட்டு வெள்ளையரின் கருவி என்று ஆனது. என் மாப்பிள்ளையின் அலுவலக நண்பர்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் கதையை உடைத்தவர் டீனா எப்ஸ்டீன். பாடகர் இல்லை, பேராசிரியர் இல்லை. இசை நூலகர். 1916இல் பிறந்தவர். குழந்தைகள் சிறிதாக இருந்ததால் வேலையை விட்டு வீட்டில் இருந்த 1950களில் தேடலைத் தொடங்கினார். அடிமைகளின் இசைபற்றி உள்நாட்டுப் போருக்கு முன் எழுதப்பட்ட பயணக்குறிப்புகள், நாட்குறிப்புகள், கடிதங்கள், பாதிரிமாரின் புகார்கள் என்று வரிவரியாகப் படித்தார். 1964இல் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் விடவில்லை. 1975இல் பாஞ்சோவின் ஆவண வரலாற்றைக் கட்டுரையாக வெளியிட்டார். 1977இல் 'சின்ஃபுல் டியூன்ஸ் அண்ட் ஸ்பிரிச்சுவல்ஸ்' என்ற புத்தகம். ஸ்வீனி பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே, கரீபியன் தீவுகளிலும் அமெரிக்கக் கடலோரத்திலும் அடிமைகள் இந்தக் கருவியைச் செய்து வாசித்ததற்குச் சான்றுக்குமேல் சான்றாக அடுக்கிவிட்டார்.

அவர் எடுத்துக்காட்டியவற்றில் சிலவற்றை நான் குழந்தை தூங்கும் நேரங்களில் தேடிப் படித்தேன். ஹான்ஸ் ஸ்லோன் என்ற மருத்துவர் 1680களின் கடைசியில் ஜமைக்காவில் இருந்தார். 1707இல் வெளிவந்த அவருடைய புத்தகத்தில், சிறு சுரைக்குடுக்கையில் கழுத்து பொருத்தி, குதிரைமயிரைத் தந்தியாகக் கட்டிய கருவிகளின் விவரமும் படமும் இருக்கின்றன. தாமஸ் ஜெபர்சன், பின்னாளில் அதிபரானவர், நூற்றுக்கணக்கானோரை அடிமைகளாக வைத்திருந்தவர், இது அவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்தது என்று தன் வர்ஜீனியா நூலில் போகிறபோக்கில் எழுதிவைத்திருக்கிறார். முதலாளிக்கே தெரிந்திருந்தது. மறந்தது பிறகு.

படமும் உண்டு. தென் கரோலினாவின் ஒரு தோட்டத்தில் அடிமைகள் ஆடிப்பாடுவதைக் காட்டும் 'பழைய தோட்டம்' என்ற நீர்வண்ண ஓவியம், பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் வரைந்தது. அதில் ஒருவர் சுரைக்குடுக்கை பாஞ்சோ வாசிக்கிறார். கழுத்தின் பக்கத்தில் குட்டைத் தந்திக்கான பிருடை தெளிவாகத் தெரிகிறது. வரைந்தவர் யாரென்று நெடுநாள் தெரியாமல் இருந்தது. 2010இல் அது ஜான் ரோஸ் என்ற தோட்ட முதலாளி என்று நிறுவியவர் சூசன் ஷேம்ஸ். அவரும் ஒரு நூலகர். ஆடியவர்கள், வாசித்தவர் பெயர்கள் கிடைக்கவில்லை. முதலாளியின் பெயரைக் கண்டுபிடிக்க முடிகிற ஆவணங்கள் முதலாளியைப் பற்றித்தான் இருக்கும். ஆவணக் காப்பகங்களில் இது எங்கும் உள்ள நோய்.

மேற்கு ஆப்பிரிக்காவில் காம்பியா, செனகல் பகுதியில் ஜோலா மக்களிடம் அகோன்டிங் என்ற கருவி இருக்கிறது. சுரைக்குடுக்கை, தோல், குச்சிக் கழுத்து, மூன்று தந்தி, அதில் ஒன்று கட்டைவிரலுக்கான குட்டைத் தந்தி. நகத்தால் கீழ்நோக்கி அடித்து வாசிக்கிறார்கள். அந்தக் கையசைவைக் காணொளியில் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்தது; குளியலறையில் நான் பாதி வேகத்தில் ஓடவிட்டுப் பழகிக்கொண்டிருந்த அதே அசைவு. சங்கிலியில் கட்டிக் கப்பலில் ஏற்றப்பட்டவர்கள் கருவியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்க முடியாது. கையசைவைத்தான் கொண்டுவந்திருக்கிறார்கள்.

தென் கரோலினாவில் 1739இல் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். அடுத்த வருஷமே வந்த சட்டம் அவர்கள் முரசும் கொம்பும் சத்தமிடும் கருவிகளும் வைத்துக்கொள்வதைத் தடைசெய்தது. முரசொலிக்கு ஆள் திரளும் என்ற பயம். இதை என் குளியலறையோடு ஒப்பிட மாட்டேன். பேத்தி எழுந்துவிடுவாள் என்று துணி திணித்தவளுக்குச் சவுக்கடி விழாது. ஆனாலும் யார் சத்தம் எழுப்பலாம் என்று சட்டம் போடுகிறவர்கள் தோலைத்தான் முதலில் தேடிவருகிறார்கள் என்பது தவில்காரர் மகளின் மனசில் தங்கிவிட்டது.

எப்ஸ்டீனின் தேடலில் எனக்குப் பிடித்த இன்னொருத்தி லூசி மெக்கிம். 1862இல், பத்தொன்பது வயதில், அடிமை ஒழிப்புப் போராளியான அப்பாவோடு தென் கரோலினாவின் கடல்தீவுகளுக்குப் போய், விடுதலையடைந்த மக்கள் பாடியவற்றை இசைக்குறிப்பாக எழுத முயன்றவள். தொண்டையில் நிகழும் அந்த வளைவுகளை ஐந்து கோட்டில் அடைக்க முடியவில்லை என்று அப்போதே எழுதியவள். 1867இல் அலன், வேர் என்ற இரண்டு ஆண்களோடு சேர்ந்து 'ஸ்லேவ் சாங்ஸ் ஆஃப் தி யுனைடெட் ஸ்டேட்ஸ்' என்ற தொகுப்பை வெளியிட்டாள். பத்து வருஷத்தில் இறந்துபோனாள். அவளை மறதியிலிருந்து எடுத்து எப்ஸ்டீன் எழுதியது 1963இல்.

எங்கள் இணைய வகுப்பில் பெரும்பாலும் பெண்கள். ஓய்வுபெற்ற செவிலியர், தபால்காரர், விதவைகள், ஒரு முன்னாள் நீதிபதி. திரையில் சின்னச் சின்னச் சதுரங்களில் நரைத்த தலைகள். ஒரே நேரத்தில் எல்லாரும் வாசித்தால் இணையத்தில் ஒலி முன்பின்னாக வந்து கூச்சலாகிவிடும். அதனால் ஆசிரியையின் ஒலி மட்டும் திறந்திருக்கும், மற்றவர்கள் ஊமைப்படம். எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது, பிழையை யாரும் கேட்கவில்லை. பாஞ்சோ ஆண்களின் கருவி என்று நான் ஒருநாள் சொன்னபோது ஆசிரியை சிரித்துவிட்டு இரண்டு ஓவியங்களின் படத்தை அனுப்பினார். இரண்டுக்கும் ஒரே தலைப்பு: 'பாஞ்சோ பாடம்'.

ஒன்று ஹென்றி ஒசாவா டேனர் 1893இல் வரைந்தது. டேனர் கறுப்பின ஓவியர். எளிய வீட்டில் ஒரு தாத்தா மடிமேல் சாய்ந்து நிற்கும் பேரனுக்கு பாஞ்சோ பழக்குகிறார். கோமாளிப் படங்களைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு அந்தக் கண்ணியமே ஒரு பதிலடி. மற்றது அதே வருஷங்களில் மேரி கசாட் செய்தது: ஓர் இளம்பெண் வாசிக்க, அவள் தோளுக்குப் பின்னால் ஒரு சிறுமி எட்டிப் பார்க்கிறாள். 1893இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் பெண்களுக்கென்று ஒரு கட்டடம் இருந்தது. அதை வடிவமைத்தவர் சோபியா ஹேடன். அதற்காக 'நவீனப் பெண்' என்ற பெரிய சுவரோவியத்தைக் கசாட் வரைந்தார். நடுவில் அறிவின் கனிகளைப் பறிக்கும் பெண்கள். ஓரத்தில் கலைகள், அங்கேயும் ஒருத்தி கையில் பாஞ்சோ. கண்காட்சி முடிந்தபின் அந்த ஓவியம் தொலைந்துபோனது. நிழற்படங்கள் மட்டும் மிச்சம்.

நவீனப் பெண்ணின் கையில் ஏன் பாஞ்சோ? 1880களிலும் 90களிலும் வசதியான வெள்ளைக் குடும்பங்களின் பெண்களிடம் அது ஒரு மோகமாக இருந்தது. பிலடெல்பியாவில் பாஞ்சோ செய்து விற்ற எஸ்.எஸ்.ஸ்டூவர்ட் போன்றவர்கள் கருவியை 'உயர்த்துவதாக' விளம்பரம் செய்தார்கள். அடிமைக் குடிசையையும் கரிபூசிய மேடையையும் கழுவித் துடைத்து, முத்துச்சிப்பி பதித்து, வரவேற்பறைக்குக் கொண்டுவந்தார்கள். நம் ஊரில் சதிரைக் கழுவிப் பரதமாக்கியதை வைத்து ஒரு தமிழ் வாசகி இதை உடனே புரிந்துகொள்வாள். பியானோ முன்னால் நிமிர்ந்து உட்காரவேண்டியிருந்த பெண்களுக்கு, மடியில் போட்டுக்கொண்டு, கால்மேல் கால்போட்டு வாசிக்கும் பாஞ்சோ ஒரு விடுதலையாகத்தான் இருந்திருக்கும். அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த வீடுகளில் பாத்திரம் தேய்த்தது யார், துணி வெளுத்தது யார்? தெற்கு மாநிலங்களில் அது பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள். பாட்டனின் கருவி முதலாளியம்மாளின் மடியில் இருக்க, பேத்தி அடுப்படியில் இருந்தாள். டேனரின் படத்தில் பேரன் இருக்கிறான். கசாட்டின் படத்தில் வெள்ளைச் சிறுமி இருக்கிறாள். இந்தப் பேத்திக்கு 'பாஞ்சோ பாடம்' என்று ஒரு படம் எனக்குத் தெரிந்து யாரும் வரையவில்லை.

அவளைப் பார்க்க நான் வெகுதூரம் போகவேண்டியிருக்கவில்லை. டர்ஹமிலிருந்து காரில் அரைமணி நேரத்துக்குள் கார்பரோ என்ற சிற்றூர். ரயில் தண்டவாளத்தை ஒட்டி ஒரு சைக்கிள் பாதை போகிறது. அதன் பெயர் லிபா காட்டன் பாதை. பொதுமுடக்கம் தளர்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பேத்தியைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு அதில் நடந்தேன்.

எலிசபெத் காட்டன் 1893இல் இந்த ஊரில் பிறந்தார். டேனரின் ஓவியத்தின் வயது. அண்ணன் வேலைக்குப் போனதும் அவனுடைய பாஞ்சோவை எடுத்துத் திருட்டுத்தனமாக வாசிப்பார். இடதுகைக்காரி, கருவி வலதுகைக்குக் கட்டியது. தந்தியை மாற்றினால் குட்டு வெளிப்பட்டுவிடும். அப்படியே தலைகீழாகப் பிடித்து வாசித்தார். உலகம் முழுவதும் பின்னால் வியந்த அவருடைய பாணி, அண்ணன் கண்டுபிடிக்காமல் இருக்க ஒரு சிறுமி செய்த ஏற்பாட்டில் தொடங்கியது. அண்ணன் வீட்டைவிட்டுப் போனபோது பாஞ்சோவும் போய்விட்டது. பள்ளியை விட்டுவிட்டு வீட்டுவேலைக்குப் போனார், மாதம் 75 சென்ட். மூன்றே முக்கால் டாலர் சேர்த்து ஒரு கிட்டார் வாங்கினார். கணக்குப் போட்டால் ஐந்து மாதக் கூலி. பன்னிரண்டு வயதுக்குள் 'ஃபிரைட் டிரெயின்' என்ற பாட்டைக் கட்டினார், வீட்டோரம் போன ரயிலைப் பற்றி. பதினேழு வயதில் கல்யாணம், மகள். உலகாயதப் பாட்டு வேண்டாம் என்றது தேவாலயம். கிட்டார் ஓய்ந்தது. ஒரு வருஷம் இரண்டு வருஷம் இல்லை, பல பத்தாண்டுகள்.

1940களில் வாஷிங்டனில் ஒரு பெரிய கடையில் வேலைபார்த்தபோது, கூட்டத்தில் வழிதவறிய ஒரு சிறுமியை அம்மாவிடம் சேர்த்தார். அம்மா ரூத் கிராஃபோர்ட் சீகர். அந்த வீட்டில் காட்டன் வேலைக்குச் சேர்ந்தார்: சமையல், சலவை, இஸ்திரி. நாட்டுப்பாடல் சேகரிக்கும் குடும்பம், சுவரெல்லாம் கருவிகள். ஒருநாள் யாரும் இல்லாதபோது கிட்டாரை இறக்கி வாசித்துப் பார்த்தார். பார்த்துவிட்டார்கள்.

இந்தக் கதையை எல்லாரும் வேலைக்காரியைக் 'கண்டுபிடித்த' கதையாகச் சொல்கிறார்கள். நான் அந்த வீட்டின் இன்னொரு பெண்ணையும் பார்க்கிறேன். ரூத் கிராஃபோர்ட் இசையமைப்புக்காக குகன்ஹெய்ம் நல்கை பெற்ற முதல் பெண், 1930இல். அடுத்த வருஷம் அவர் எழுதிய நால்தந்திக் குழு இசை இன்றும் வாசிக்கப்படுகிறது. 1932இல் கல்யாணம், நான்கு குழந்தைகள், பண நெருக்கடி, பியானோ டியூஷன், மற்றவர்கள் பதிவுசெய்த நாட்டுப்பாடல்களைக் கேட்டுக் கேட்டு இசைக்குறிப்பாக்கும் வேலை. சொந்த இசை அநேகமாக நின்றுபோனது. 1952இல் மறுபடி ஒரு படைப்பை முடித்தார். அடுத்த வருஷம் புற்றுநோயில் இறந்தார், வயது 52. ஒரே கூரையின் கீழ் இசையை நிறுத்திய இரண்டு பெண்கள். ஒருத்தி மற்றவளின் வீட்டுத் துணிகளுக்கு இஸ்திரி போட்டாள். அந்த உதவியால் இவளுக்கு வேலைசெய்ய நேரம் கிடைத்திருக்கும். இவள் வீட்டுச் சுவரில் தொங்கியதால் அவளுக்குக் கிட்டார் கிடைத்தது. இதைச் சகோதரித்துவம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. கூலி வாங்கியது ஒருத்தி, கொடுத்தது ஒருத்தி.

வழிதவறிய அந்தச் சிறுமி பெக்கி சீகர் வளர்ந்து இங்கிலாந்தில் 'ஃபிரைட் டிரெயின்' பாட, அது பரவி, 1957இல் அங்கே ஒரு குழுவின் வெற்றிப்பாட்டாயிற்று. எழுதியவர்கள் என்று வேறு பெயர்கள் பதிவாகின. சட்டப் பஞ்சாயத்துக்குப் பிறகே காட்டனின் பெயர் சேர்ந்தது. 1958இல் பெக்கியின் அண்ணன் மைக் சீகர் காட்டனின் வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்த முதல் இசைத்தட்டு வெளிவந்தபோது அவருக்கு வயது 65. அதிலே பாஞ்சோவும் ஒலிக்கிறது, அண்ணன் கொண்டுபோன பாஞ்சோ. தொண்ணூறைத் தாண்டிய வயதில் கிராமி விருது வாங்கினார். 1987இல் இறந்தார்.

இந்தப் பட்டியலில் சமந்தா பம்கார்னருக்கும் ஓர் இடம் உண்டு. வட கரோலினா மலைப்பகுதிக்காரர், வெள்ளையர். அப்பா பிடில் வாசிப்பவர், மகளைத் தொடவிட மாட்டார். பூனைத்தோலைச் சுரைக்குடுக்கையில் கட்டி, மெழுகு தடவிய நூலைத் தந்தியாக்கியதுதான் முதல் பாஞ்சோ என்று பின்னாளில் சொன்னார். 1924இல் தோழி ஈவா டேவிஸுடன் நியூயார்க் போய் கொலம்பியா நிறுவனத்துக்கு வாசித்தார். நாட்டுப்புற இசையில் இசைத்தட்டில் பதிவான முதல் பெண்கள் அவர்கள்தான் என்பார்கள். அப்பாவின் கதை கேட்டபோது எனக்குத் தமாஷாக இருந்தது. கும்பகோணத்தில் தவில், ஆப்பலாச்சிய மலையில் பிடில், திண்ணை ஒன்றுதான்.

நவம்பரில் ஊர் திரும்பினேன், பாஞ்சோவுடன். பெட்டியில் பேத்தியின் துணி இரண்டும் வந்தது. கும்பகோணத்தில் தந்தி கேட்டுப்போன கடையில் பாஞ்சோ என்றதும் புல்புல்தாராவை எடுத்து நீட்டினார்கள். தட்டச்சுப் பொறிபோலக் கட்டைகளை அழுத்தி வாசிக்கும் அந்தக் கருவியை மும்பைப் பக்கம் பாஞ்சோ என்றுதான் சொல்கிறார்கள். அதன் மூலம் ஜப்பான், ஆப்பிரிக்கா அல்ல. பெயர் மட்டும் எப்படியோ கப்பலேறி வந்து ஒட்டிக்கொண்டது. தந்தியை மகள்தான் அனுப்பினாள். இங்கே ஈரக் காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கிறது.

சனிக்கிழமை இரவு ஏழு மணிக்கு வகுப்பு. அங்கே காலை ஒன்பதரை. குளிர்காலம் வந்தால் எட்டரை. 2024இல் பியான்சேயின் பாட்டு ஒன்றில் பாஞ்சோ ஒலித்தபோது வகுப்பே அமளிப்பட்டது. வாசித்தவர் ரியானன் கிடென்ஸ், வட கரோலினாவின் கறுப்பினப் பெண். 2005இல் அந்த மாநிலத்தின் பூன் நகரில் கறுப்பின பாஞ்சோ கலைஞர்கள் கூடிய சந்திப்புக்குப் பிறகு உருவான குழுவின் வழியாக வெளியே தெரிந்தவர். 2019இல் இவரும் இன்னும் மூன்று கறுப்பினப் பெண்களும், நால்வருமே பாஞ்சோக்காரிகள், சேர்ந்து ஓர் இசைத்தொகுப்பு வெளியிட்டார்கள். நான் விட்ட இடத்துக்கு ஒரு படம் என்று இதைத்தான் சொல்லவேண்டும்.

என் வாசிப்பு பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஏழெட்டுப் பாட்டு வரும், அதில் மூன்று தடுமாறாமல் வரும். இடது மோதிரவிரல் காலையில் மடங்காது; வெந்நீரில் வைத்துத்தான் தொடங்கவேண்டும். ஆனால் தாளம் பிசகுவதில்லை. மற்ற மாணவிகள் மாதக்கணக்கில் திணறிய கட்டைவிரல் எதிரடி எனக்கு ஒரு வாரத்தில் வந்தது. "முன்னாடி ஏதாவது வாசிச்சிருக்கீங்களா?" என்று ஆசிரியை கேட்டார். இல்லை என்றுதான் சொன்னேன். பிறகு, ஐம்பது வருஷம் முன்பு ஒரே ஒரு தட்டு என்றேன். அவருக்குப் புரிந்திருக்காது. பெரியண்ணன் ஒருநாள் வந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்பா கை இருக்குடி உனக்கு" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. காபி போட உள்ளே போய்விட்டேன்.

இப்போது என் பிரச்சினை நகம். கிளாஹாமருக்கு ஆள்காட்டி விரல் நகம் கொஞ்சம் நீளமாக, கெட்டியாக இருக்கவேண்டும். பாத்திரம் தேய்த்தால் தண்ணீரில் ஊறி மெலிந்து ஒடிந்துவிடுகிறது. நகம் வளரவேண்டுமானால் பாத்திரத்தை வேறொருத்தி தேய்க்கவேண்டும். என் வீட்டில் அந்த வேறொருத்தி காலை எட்டு மணிக்கு வருகிறாள். முதல் தடவை பார்த்தபோது, "என்னம்மா, தவுலுக்கு நரம்பு கட்டிருக்கு" என்றாள். அவளுடைய சின்ன மகனைச் சிலநாள் கூட்டிவருவாள். அவன் தோலைத் தட்டிப் பார்த்துச் சிரிப்பான். அவளும் ஒருநாள் கைநீட்டினாள், ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு. குட்டைத் தந்தியை ஒருமுறை சுண்டிவிட்டு, "நேரமாச்சு, இன்னும் ரெண்டு வீடு இருக்கு" என்று போய்விட்டாள். அவள் இருக்கும் நேரத்தில் என்னால் வாசிக்க முடியவில்லை. எலிசபெத் காட்டனைப் பற்றி இவ்வளவு படித்திராவிட்டால் வாசித்திருப்பேனோ என்னவோ. வெள்ளியும் சனியும் பாத்திரத்தை நானே தேய்த்துக்கொள்கிறேன், அந்த இரண்டு நாள் அவளுக்குக் கூலியோடு விடுப்பு என்று சொன்னேன். "எதுக்கும்மா, வேற ஆளு வெச்சிட்டீங்களா?" என்று பயந்துபோனாள். புரியவைக்க ஒரு வாரம் ஆனது. வெள்ளிக்கிழமைகளில் மற்ற இரண்டு வீட்டுக்குப் போய்விட்டுத் தூங்குகிறாளாம்.

போன சனிக்கிழமை வகுப்புக்கு முன் நகம் மறுபடி ஒடிந்தது. உங்கள் ஊரில் விரலுக்கு உறை செய்வார்கள் என்றீர்களே, அதைப் போட்டால் என்ன என்றார் ஆசிரியை. துணி கிழித்து, பசை காய்ச்சி, இந்த முறை என் விரலிலேயே சுற்றிப் பார்த்தேன். கூடு நகத்தைவிடத் தடிமன். தந்தியில் பட்டால் டொக்கென்று ஒலிக்கிறது. நடுவிரலுக்கு மாறிவிட்டேன். அதன் நகம் இதுவரை ஒடியவில்லை.